பழைய திரியில் பதில் போடலாமா?

இணைய மன்றங்களில் புதிதாகச் சேர்கிறவர் வாங்கும் முதல் திட்டு பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: "தேதியைப் பார்த்துவிட்டுப் பதில் போடுங்கள். இது 2011-ல் முடிந்த திரி." திரி என்பது ஒரு கேள்வியும் அதன் கீழே வரிசையாகச் சேரும் பதில்களும். அவர் தவறாக எதுவும் எழுதியிருக்க மாட்டார். ஒரு சந்தேகம் கேட்டிருப்பார், இல்லையென்றால் "நல்ல தகவல், பகிர்ந்தமைக்கு நன்றி" என்று பண்போடு நாலு வார்த்தை சொல்லியிருப்பார். அதற்குள் பழைய உறுப்பினர் ஒருவர் மண்டையோட்டுப் படம் ஒன்றை ஒட்டிவிட்டுப் போவார். இன்னொருவர் தேதியைக் கவனிக்காமல் 2011-ல் கேட்ட கேள்விக்கு விலாவாரியாகப் பதில் எழுதுவார். கடைசியில் மன்றத்தைக் கண்காணிக்கும் மட்டுறுத்துனர் வந்து, இனி யாரும் பதில் போட முடியாதபடி திரியைப் பூட்டுவார். புதியவர் அதற்கப்புறம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்.

ஆங்கில மன்றங்களில் இதற்கு நெக்ரோபோஸ்டிங் என்று பெயர். செத்ததை எழுப்பும் மாந்திரீகக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். நம் ஆட்கள் கொஞ்சம் மென்மையாக, தூசி தட்டுவது என்பார்கள். பெயர் எதுவானாலும் இது குற்றம்தானா என்பதில் எனக்கு வெகுநாளாகச் சந்தேகம் உண்டு. ஒரு சிறிய தமிழ் மன்றத்தில் சில காலம் மட்டுறுத்துனராக இருந்தேன். பழைய திரிகளைக் கிளறக்கூடாது என்று அங்கே ஒரு விதி இருந்தது. எத்தனை மாதம் போனால் ஒரு திரி பழையதாகும் என்று மட்டும் அதில் எழுதியிருக்கவில்லை. சரி, நாமே ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம் என்று உட்கார்ந்து பார்த்தபோதுதான், வயதை வைத்து இதைத் தீர்க்கவே முடியாது என்று புரிந்தது. மூன்று மாதத்துத் திரியைக் கிளறியதில் எரிச்சல் வந்தது உண்டு, ஆறு வருடத்துத் திரிக்கு வந்த ஒற்றைப் பதிலைப் பார்த்து "அப்பாடா, ஒருவழியாக ஒருத்தர் சொன்னாரே" என்று சந்தோஷப்பட்டதும் உண்டு.

யூஸ்நெட் காலத்தில் இந்தப் பஞ்சாயத்தே கிடையாது. டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் 1979-ல் யோசித்து, 1980-ல் ஓடத் தொடங்கிய, கணினிகள் வழியாகப் பொதுவில் மடல் போட்டு விவாதிக்கும் அமைப்பு அது. ஒவ்வொரு சர்வரும் தன் வட்டில் இடம் இருக்கும் அளவுக்குத்தான் மடல்களை வைத்திருக்கும். சில நாள், சில வாரம், அப்புறம் அவை தானாகக் காலாவதியாகிவிடும். பழைய பேச்சைக் கிளற ஆசைப்பட்டாலும் கிளறுவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. 1995-ல் டேஜாநியூஸ் என்ற தளம் அந்த மடல்களைச் சேமித்துத் தேடித் தர ஆரம்பித்தது. 2001-ல் கூகுள் அதை வாங்கியது. நேற்றுப் பேசியது நாளைக்கும் இருக்கும் என்ற நிலைமை அப்படி மெல்ல மெல்ல வந்ததுதான்.

சண்டை மூண்டது பிஎச்பிபிபி, விபுலட்டின் போன்ற மன்றம் நடத்தும் மென்பொருள்கள் வந்த பிறகு. இரண்டுமே 2000-ல் பிறந்தவை. நாம் பார்த்த மன்றங்களில் பெரும்பாலானவை இவற்றில் ஒன்றிலோ இவற்றின் பங்காளிகளிலோ ஓடியவை. இவை திரிகளை அடுக்கிய விதம் எளிமையானது: எந்தத் திரியின் கடைசிப் பதில் புதியதோ அது மேலே. இதனால் ஒரு வசதி உண்டு. சூடாகப் போகும் பேச்சு தானாகக் கண்ணில் படும். தொல்லையும் அதில்தான். ஏழு வருடமாக நாற்பதாம் பக்கத்தில் கிடந்த திரியில் ஒருவர் "நன்றி" என்று போட்டால் போதும், அது முதல் பக்கத்தின் தலைமாட்டுக்கு வந்துவிடும். இன்று காலையில் ஒருவர் பதறிப்போய்க் கேட்ட கேள்வி ஒரு படி கீழே இறங்கும். முதல் பக்கத்தில் இருபது, இருபத்தைந்து திரிகளுக்குத்தான் இடம். யாராவது உற்சாகமாக உட்கார்ந்து ஒரு ராத்திரியில் பதினைந்து பழைய திரிகளுக்கு நன்றி சொன்னால், அன்றைக்குக் கேட்டவர்கள் அத்தனை பேரும் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விடுவார்கள். இரண்டாம் பக்கத்தை யார் பார்க்கிறார்கள்?

அப்படி ஒரு ராத்திரியில் பதினைந்து நன்றி சொல்ல யாருக்கு என்ன தலையெழுத்து என்று கேட்கலாம். பல மன்றங்களில் பதிவு எண்ணிக்கைக்கு ஏற்ப பட்டம் உண்டு. புதியவர், இளையவர், பண்பட்டவர் என்று ஏறிக்கொண்டே போகும். சில இடங்களில் குறிப்பிட்ட எண்ணிக்கை வந்தால்தான் தனிமடல் அனுப்பலாம், இணைப்புக் கோப்புகளை இறக்கலாம். ஆக, "அருமை", "சூப்பர்", "தொடருங்கள்" என்று பழைய கவிதைத் திரிகளில் வரிசையாக எழுதிப் போவது ஒரு ஏணி. ஏணியை வைத்தது நிர்வாகம், திட்டு வாங்கியது ஏறியவர்.

ஜப்பான்காரர்கள் இதை வேறு மாதிரி கையாண்டார்கள். 1999-ல் ஹிரோயுகி நிஷிமுரா தொடங்கிய 2சேனல் தளத்தில் ஒரு திரிக்கு ஆயிரம் பதிவுதான் வரம்பு. ஆயிரம் ஆனதும் அந்தத் திரியில் யாரும் எழுத முடியாது, அடுத்த பாகம் புதிதாகத் தொடங்கும். அதோடு, மின்னஞ்சல் பெட்டியில் சாகே என்று தட்டிவிட்டுப் பதில் போட்டால் பதில் திரியில் சேரும், ஆனால் திரி மேலே ஏறாது. எவ்வளவு நல்ல யோசனை பாருங்கள். "எனக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது, ஆனால் ஊரைக் கூட்டும் அளவுக்குப் பெரிதில்லை" என்று சொல்ல ஒரு வழி. இந்த ஒரு வசதி நம் மன்றங்களில் இருந்திருந்தால் பாதி பூட்டு மிச்சமாகியிருக்கும் என்று நினைக்கிறேன். அந்தத் தளத்திலேயே மற்றவர் திரியை மட்டம்தட்டவும் அதைப் பயன்படுத்தினார்கள் என்பது வேறு கதை.

பழைய திரியைக் கிளறியவரைத் திட்டுகிற அதே வாய்தான், புதுத் திரி தொடங்கியவரிடம் "இது ஏற்கெனவே பேசியாகிவிட்டது, தேடிப் பார்க்க மாட்டீர்களா?" என்றும் கேட்கும். தேடினால் கிடைப்பது பழைய திரி. அதில் கேட்டால் தோண்டாதே. புதிதாகக் கேட்டால் தேடு. எங்கே போவார் அவர்? ஒவ்வொரு மன்றமும் இந்த இரண்டில் ஒன்றைத் தனக்கு வசதியாகத் தேர்ந்துகொண்டு, அதையே பொது நாகரிகம் போல நடத்துகிறது. ஆர்ச் லினக்ஸ் மன்றத்தின் நடத்தை விதிகளில் பழைய திரிகளைத் தட்டி எழுப்பாதீர்கள் என்று தனியாகவே ஒரு பகுதி உண்டு. அவர்கள் பக்கம் நியாயமும் உண்டு. அந்த இயங்குதளம் நாள்தோறும் மாறிக்கொண்டே இருப்பது, மூன்று வருடத்துக்கு முந்தைய தீர்வைப் பின்பற்றினால் இன்றைக்கு இருப்பதும் கெடலாம். இந்தியாவின் கார் பிரியர்கள் கூடும் டீம்-பிஎச்பியில் காற்று நேரெதிராக வீசும். ஒரு வண்டிக்கு ஏற்கெனவே திரி இருந்தால் அதிலேயே எழுத வேண்டும், தனித் திரி தொடங்கினால் மட்டுறுத்துனர்கள் இழுத்துக் கொண்டுபோய் ஒட்டிவிடுவார்கள். புது வண்டி வாங்கிய அன்று எழுதத் தொடங்கியவர், வருடங்கள் கழித்து வந்து கிளட்ச் மாற்றிய செலவையும் சஸ்பென்ஷன் சத்தத்தையும் சொன்னால் அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. வாங்கப்போகிறவருக்கு வேண்டியதே அந்தப் பிற்காலக் கணக்குதான். கார் கிழடாகத்தான் அதைப் பற்றிய திரிக்கு மதிப்புக் கூடுகிறது.

இன்னொரு விஷயம், அடிக்கடி மறந்துபோவது. மன்றத்திலேயே குடியிருப்பவர்களுக்கும் தேடுபொறி வழியாக வந்து விழுபவர்களுக்கும் திரி ஒரே மாதிரி தெரிவதில்லை. குடியிருப்பவர் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், யார் வந்தார், யார் போனார், எது நேற்று, எது போன வருடம் என்று அவருக்குத் தெரியும். தேடி வந்தவர் கொல்லைப்புறக் கதவு வழியாக நேரே அடுப்பங்கரையில் வந்து நிற்கிறார். அவர் கண்ணில் படுவது அவருடைய பிரச்சினையை அச்சு அசலாக எழுதியிருக்கும் ஒரு பக்கம். தேதி எங்கோ மூலையில் சாம்பல் நிறத்தில் பொடியாக இருக்கும், சில தளங்களில் "6 வருடங்களுக்கு முன்" என்பதைப் படிக்கவே பூதக்கண்ணாடி வேண்டும். அவருக்கு அது பழைய திரியே இல்லை. பத்து நிமிடத்துக்கு முன் அவர் தட்டிய கேள்விக்குக் கிடைத்த பதில் அது.

ஒரு திரியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். தமிழில் தட்டச்சு செய்யும் எவருக்கும் பழக்கமான வகை. 2009 வாக்கில் ஒருவர் கேட்கிறார்: பிடிஎஃப் கோப்பிலிருந்து தமிழை நகலெடுத்து வேர்டில் ஒட்டினால் எழுத்தெல்லாம் குழம்பிப் போகிறது, என்ன செய்வது? ஒருவர் வந்து, அது யூனிகோட் என்ற பொதுக் குறியீடு வருவதற்கு முந்தைய எழுத்துருவாக இருக்கும், என்ஹெச்எம் கன்வர்ட்டர் என்ற எழுத்துருமாற்றியில் போட்டு மாற்றுங்கள் என்கிறார். கேட்டவர் சரி, முயன்று பார்க்கிறேன் என்கிறார். அதோடு முதல் காட்சி முடிந்தது. சில வருடம் கழித்து ஒருவர்: "எனக்கும் இதே பிரச்சினை. தீர்வு உண்டா?" அவருக்குப் பதில் இல்லை. மறு வருடம் இன்னொருவர்: "எனக்கும்." அப்புறம் ஒரு புண்ணியவான்: "சரியாகிவிட்டது. நன்றி." எப்படிச் சரியானது என்று சொல்லாமல் போனவர்! இணையத்தில் இவர்கள் மேல்தான் எனக்கு உண்மையான கோபம். அடுத்தவர் அவரைப் பார்த்து "எப்படிச் சரி செய்தீர்கள்?" என்று கேட்டிருப்பார், அதற்குப் பதில் வரவே வராது. இத்தனைக்கும் பிறகு, வெகு காலம் கழித்து ஒருவர் எழுதுகிறார்: இந்தக் கோப்பு யூனிகோடில்தான் இருக்கிறது, ஆனால் பிடிஎஃப்பில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் பார்வைக்குச் சரியாக இருந்தாலும் நகலெடுக்கும்போது இடம் மாறிப் போகின்றன, அதனால் எழுத்துருமாற்றி உதவாது. கோப்பை கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறங்கள். அது பக்கத்தைப் படம்போலப் பார்த்து எழுத்துகளை அடையாளம் கண்டு தரும். முழுக்கச் சரியாக இருக்காது, மெய்ப்புப் பார்க்க வேண்டும்.

இந்தக் கடைசிப் பதிலை 2009-ல் யாரும் எழுதியிருக்க முடியாது. தமிழுக்கு அந்த வசதி கூகுள் டிரைவில் 2015-ஐ ஒட்டித்தான் கைக்கு வந்தது. கேள்வி கேட்டவர் இதற்குள் அந்த பிடிஎஃப்பை மறந்திருப்பார். ஆனால் கேள்வி அப்படியே இருக்கிறது, அதைத் தட்டிக்கொண்டு தினமும் யாரோ வருகிறார்கள். இந்தப் பதிலைப் போட்டவரிடம் போய் தேதியைப் பார்த்தீர்களா என்று கேட்டால் அது அநியாயம். அதே திரியில் நடுவில் வந்து "எனக்கும்" என்றவர்கள் என்ன கொண்டுவந்தார்கள்? ஒன்றுமில்லை. இரண்டு வகையினரும் செய்தது ஒரே காரியம், பழைய திரியில் பதில் போட்டது. ஒருவர் வெறுங்கையோடு வந்தார், ஒருவர் கை நிறைய வந்தார். விதி எழுத வேண்டுமென்றால் இதை வைத்துத்தான் எழுத வேண்டும். பதில் வைத்திருப்பவர் எத்தனை வருடம் கழித்தும் பழைய திரிக்கு வரட்டும். கேள்வி வைத்திருப்பவர் புதிதாகத் தொடங்கி, பழையதற்கு ஒரு சுட்டி கொடுக்கட்டும்: "இதைப் படித்தேன், இதில் சொன்னபடி செய்தேன், எனக்கு இப்படி ஆகிறது." இந்த ஒரு வரி இருந்தால் தேடிப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கும் இடமில்லை, தோண்டிவிட்டீர்கள் என்ற திட்டுக்கும் இடமில்லை.

நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ இதைத் தொடக்கத்திலேயே பிடித்துக்கொண்டது. 2008-ல் ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் அதைத் தொடங்கியபோது அரட்டைக்கு இடம் வைக்கவில்லை. கேள்வி, பதில், அவ்வளவுதான். கேள்வி கேட்டு 60 நாளுக்கு மேல் ஆன பிறகு வந்து பதில் எழுதி, அது 5 வாக்குப் புள்ளி பெற்றால் ஒரு பதக்கம் கொடுக்கிறார்கள். பதக்கத்தின் பெயரே நெக்ரோமான்சர், செத்ததை எழுப்பும் மந்திரவாதி! மற்ற மன்றங்கள் எதைத் திட்டினவோ அதற்கே அங்கே பரிசு. "எனக்கும் இதே பிரச்சினை" என்பதை அவர்கள் பதிலாக ஏற்பதில்லை, மட்டுறுத்துனர் அழித்துவிடுவார். பழைய கேள்வியைத் தூக்கி மேலே கொண்டுவருவது சில நேரம் அங்கே ஒரு தானியங்கியின் வேலை, மதிக்கப்பட்ட பதில் இல்லாமல் கிடக்கும் கேள்விகளை அது அவ்வப்போது முன்னால் எடுத்துப் போடும். அந்தத் தளத்தின் கடுமை பற்றி எனக்கும் மனத்தாங்கல் உண்டு. புதியவரை அது விரட்டும் வேகம் பிரசித்தம். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் செய்ததுதான் சரி.

குழு குழுவாகப் பேசும் ரெடிட் தளம் வேறு கதை. நீண்ட காலம் அங்கே ஆறு மாதம் ஆன பதிவுகள் தானாகப் பூட்டிக்கொள்ளும், யாரும் எழுத முடியாது, வாக்கும் போட முடியாது. 2021-ல் அதைத் தளர்த்தி, வேண்டுமென்றால் அந்தந்தக் குழுவின் மட்டுறுத்துனர்கள் பூட்டிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். ஆறு மாதப் பூட்டு இருந்த காலத்தில் தேடி வந்தவர்களின் பாடு பரிதாபம். பதில் தப்பு என்று தெரியும், சரியானது கையில் இருக்கும், எழுத இடமில்லை. அட்வுட் பின்னால் மன்றங்களுக்கென்றே ஒரு மென்பொருள் செய்தார், 2013-ல் வந்த டிஸ்கோர்ஸ். அதில் நீங்கள் பழைய திரியில் பதில் எழுத ஆரம்பித்தால், கடைசிப் பதில் வந்து இவ்வளவு காலம் ஆகிறது, நீங்கள் எழுதினால் திரி பட்டியலின் தலைக்கு வரும், முன்பு பேசியவர்களுக்கெல்லாம் தகவல் போகும் என்று சொல்லும். தடுக்காது, சொல்லும். எழுதி முடித்த பிறகு, படிக்கிறவருக்கும் இரண்டு பதில்களுக்கு நடுவே "2 வருடம் கழித்து" என்று ஒரு கோடு தெரியும். எழுதுபவருக்கும் எச்சரிக்கை, படிப்பவருக்கும் அடையாளம். நான் பார்த்ததில் இதைவிடப் பக்குவமான ஏற்பாடு இல்லை. திட்டுவதற்கென்று அங்கே ஆள் தேவைப்படுவதில்லை.

தகவல் போகும் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வரிசையில் இடம் போவதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இது. பழைய திரியில் நீங்கள் எழுதும் ஒரு வரி, எப்போதோ அதில் பேசிவிட்டுப் போன முப்பது பேரின் மின்னஞ்சலைத் தட்டுகிறது. நிரலாளர்கள் கூடி மென்பொருள் செய்யும் கிட்ஹப் தளத்தில் இது ஒரு காலத்தில் தாங்க முடியாத அளவுக்குப் போனது. ஒரு பிழையைப் பற்றிய திரியில் வருகிறவர் போகிறவர் எல்லாம் "+1" என்று எழுதிவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு +1-க்கும் திரியைப் பின்தொடரும் அத்தனை பேருக்கும் அஞ்சல். 2016 ஜனவரியில் நிரலை எல்லோருக்கும் திறந்துவைக்கும் திறமூலத் திட்டங்களை நடத்துகிறவர்கள் பலர் சேர்ந்து அந்த நிறுவனத்துக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள், இந்த +1 தொல்லையும் அவர்கள் குறைகளில் ஒன்று. மார்ச்சில் கட்டைவிரல் பொத்தான் வந்தது. எனக்கும்தான் என்று சொல்ல இப்போது ஒரு சொடுக்கு போதும், யார் கைபேசியும் அலறாது. இத்தனைக்கும் பிறகும் "எப்போது சரி செய்வீர்கள்?" என்று எழுதுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். சம்பளம் வாங்காமல் ராத்திரியில் உட்கார்ந்து அந்த மென்பொருளைப் பராமரிப்பவரிடம் அப்படிக் கேட்பதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

தமிழ் மன்றங்களுக்கு வருகிறேன். இங்கே இன்னொரு சிக்கல் சேர்ந்துகொண்டது. 1999-ல் தொடங்கிய யாழ் இணையம் போன்ற பழைய களங்கள் யூனிகோட் பரவுவதற்கு முந்தையவை. அந்தக் காலத்தில் ஒருவர் பாமினி என்ற எழுத்துருவில் எழுதுவார், ஒருவர் திஸ்கி என்ற குறியீட்டில் எழுதுவார், சிலர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவார்கள். அந்தக் காலத்துப் பாமினிப் பதிவு ஒன்றை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் இன்றைக்குத் திறந்தால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஒரு குப்பை தெரியும். கூகுளில் தேடினாலும் வராது, தமிழ் என்றே அதற்குத் தெரியாது. இப்படிக் கிடக்கும் திரியைக் கண்டெடுத்து, எழுத்துருமாற்றியில் போட்டு, யூனிகோடில் திரும்ப இட்டு மேலே கொண்டுவருகிறவர்கள் சிலர் உண்டு. ஊர்ப் பெயர்கள், மூலிகைகள், வழக்கொழிந்த சமையல் குறிப்புகள், நாட்டார் பாடல்கள் என்று வேறெங்கும் எழுதப்படாத சங்கதிகள் அந்தக் குப்பைக்குள் கிடந்து மீண்டிருக்கின்றன. இவர்களைப் பார்த்து எந்த நிர்வாகியும் பூட்டுப் போடக்கூடாது. பூட்டினால் அந்த நிர்வாகியை மாற்றுவது நல்லது.

ஆனால் சில திரிகளைத் தொடாமல் இருப்பதுதான் மரியாதை. முதலாவது, சண்டைத் திரி. இரண்டு பேர் எட்டு வருடத்துக்கு முன் ஒரு நடிகருக்காகவோ ஒரு கட்சிக்காகவோ வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டது. இன்றைக்கு அவர்களில் ஒருவர் கட்சியே மாறியிருப்பார். தேர்தல் நேரத்தில் யாரோ அதைத் தேடி எடுத்து "அன்றைக்கு நீங்கள் சொன்னது இதுதானே" என்று முகத்தில் வீசுவார்கள். பொதுவாழ்வில் இருப்பவர் என்றால் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். சாதாரண உறுப்பினரிடம் இதைச் செய்வது, பேச்சைத் தொடர்வதற்காக இல்லை, ஆளை அவமானப்படுத்துவதற்காக. அடுத்தது, நோய் பற்றிய திரி. குழந்தைக்கு இப்படி இருக்கிறது, டாக்டர் இப்படிச் சொல்கிறார், யாருக்காவது அனுபவம் உண்டா என்று ஒரு தாய் எழுதியிருப்பார். ஐந்து வருடம் கழித்து ஒருவர் ஆர்வத்தில் "இப்போது குழந்தை எப்படி இருக்கிறது?" என்று கேட்பார். நல்ல மனசுதான். ஆனால் அந்தக் கேள்விக்கான பதில் என்னவாக இருக்குமென்று யாருக்கும் தெரியாது, அந்தத் தாயின் கைபேசியில் அது எந்த நேரத்தில் போய் விழும் என்பதும் தெரியாது. அதே நோயைப் பற்றி உருப்படியான தகவல் இருந்தால் புதுத் திரியில் எழுதலாம். அவரைத் தொட வேண்டியதில்லை.

மூன்றாவது, இரங்கல். ஃபேஸ்புக்கில் இது பெரிய கூத்து. நான்கு வருடத்துக்கு முன் காலமான ஒரு பெரியவரைப் பற்றிய பழைய பதிவில் ஒருவர் தாமதமாக "ஆழ்ந்த இரங்கல்" எழுதுவார். எந்திரம் அதைப் புதுசு போலத் தூக்கி ஊர் முன்னால் வைக்கும். அவ்வளவுதான், அடுத்த ஒரு மணி நேரத்தில் கண்ணீர் அஞ்சலி, ஓம் சாந்தி, கூப்பிய கைகள் என்று நிரம்பிவிடும். யாரோ ஒருவர் குடும்பத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, "எப்போது எடுக்கிறார்கள்?" என்று கேட்டும் விடுவார். வாட்ஸ்அப்பில் இன்னும் மோசம். அங்கே தேதியே போய்விடும். "அவசரம், ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை" என்ற செய்தி வருடக்கணக்கில் குழு குழுவாகச் சுற்றும். அந்த எண்ணுக்குச் சொந்தக்காரர் இன்னும் அழைப்பு எடுத்துக்கொண்டிருப்பார். முன்னனுப்பும் முன் ஒரு தடவை அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று குழுவில் சொன்னால், நல்லது செய்யப் போனவரைத் தடுத்த பாவம் நம் தலையில் விழும்.

இதையெல்லாம் விக்கிப்பீடியாவோடு ஒப்பிட்டால் ஒன்று விளங்கும். 2003-லிருந்து இயங்கும் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு பேச்சுப் பக்கம் உண்டு, பொது விஷயங்களுக்கு ஆலமரத்தடி உண்டு. பேச்சுப் பக்கத்தில் பத்து வருடத்துக்கு முன் ஒருவர், இந்த ஊர் எந்த மாவட்டத்தில் வருகிறது, கட்டுரையில் தவறாக இருக்கிறதே என்று கேட்டிருப்பார். இன்றைக்கு நீங்கள் அதன் கீழே பதில் எழுதிக் கையொப்பம் இட்டால் ஒருவரும் மூச்சு விட மாட்டார்கள். பட்டியலில் எதுவும் ஏறவில்லை, யாருடைய இடத்தையும் நீங்கள் பிடுங்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கவனிப்புப் பட்டியலில் வைத்திருப்பவருக்கு மட்டும் தெரியும், தெரிய வேண்டும் என்றுதான் அவர் அதை வைத்திருக்கிறார். கட்டுரை உயிரோடு இருப்பதால் கேள்வியும் உயிரோடு இருக்கிறது. நாகரிகம், ஒழுக்கம் என்று நாம் போட்டுக்கொண்ட சண்டையில் பெரும்பங்கு, பட்டியலை எப்படி அடுக்குவது என்று ஒரு மென்பொருள்காரர் எடுத்த முடிவிலிருந்து வந்தது.

எழுதுவதென்று தீர்மானித்துவிட்டால் சில சில்லறை மரியாதைகள் உண்டு. முதல் வரியிலேயே, பழைய திரி என்று தெரிந்துதான் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டால் மண்டையோட்டுப் படம் வராது. எந்த வருடம், எந்தப் பதிப்பு, எந்த மாடல் என்று குறிப்பிட வேண்டும், உங்களுடைய பதிலும் ஒருநாள் பழசாகும், அப்போது வருகிறவருக்கு அது உதவும். யாருக்குப் பதில் சொல்கிறீர்களோ அவர் வரியை மட்டும் மேற்கோள் காட்டினால் போதும், ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். பழைய பதில் தப்பு என்றால் "அன்றைக்கு இது சரி, இப்போது மாறிவிட்டது" என்று எழுதலாம். பாதி நேரம் உண்மையும் அதுதான், அன்றைக்கு எழுதியவர் முட்டாள் இல்லை.

நிர்வாகம் செய்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. இவ்வளவு நாள் ஆனால் தானாகப் பூட்டு என்று எந்திரத்திடம் ஒப்படைப்பது சுலபம்தான், மூன்று பேர் சேர்ந்து ஆயிரக்கணக்கான திரிகளைப் பார்த்துக்கொள்ளும்போது வேறு வழியில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் எழுத்து இருக்கும்வரைதான் இந்தப் பேச்சுக்கெல்லாம் அர்த்தம். ராயர் காப்பி கிளப், மரத்தடி என்ற தமிழ் மடற்குழுக்கள் யாஹூ குழுமங்களாகத்தான் ஓடின. 2019 அக்டோபரில் யாஹூ, குழுமங்களின் பழைய மடல்களை நீக்கப்போவதாக அறிவித்தது, 2020 டிசம்பரில் கடையையே மொத்தமாக மூடியது. யாராவது முன்யோசனையோடு எடுத்து வைத்தது போக மற்றது போனதுதான். பழைய மடலுக்கு இன்று பதில் போடலாமா என்று அங்கே இனி யாரும் விவாதிக்க வேண்டியதில்லை. திரிகளை இன்னும் வைத்திருப்பவர்கள் பூட்டித்தான் ஆக வேண்டுமென்றால் பூட்டுங்கள். பூட்டுவதற்கு முன் கடைசிப் பதிலாக, இந்தப் பேச்சு இப்போது எங்கே நடக்கிறது என்று ஒரு சுட்டி போடுங்கள். எழுதக்கூடாதென்று இரண்டு வரி திட்டு எழுத ஆகும் நேரம்தான் இதற்கும் ஆகும்.